மடக்குக் கத்தி: வாங்கும் முன் எது காட்டிக் கொடுத்தது?

சாணைக்கல்

லைனர் லாக் (பிடிக்குள் இருக்கும் லைனர் என்ற உலோகத் தகடு விலகி வந்து, திறந்த பிளேடின் அடியில் முட்டி நிற்கும் பூட்டு), 3 அங்குல பிளேடு, ஜி10 என்ற கண்ணாடியிழைப் பிடி. பிளேடில் பெரிய எழுத்தில் எஃகின் பெயர், "டி2". திறந்தால் நல்ல 'டக்'. மூடினால் பிளேடு இரண்டு லைனருக்கும் சரிநடுவில். பக்கவாட்டில் ஆட்டினால் மயிரிழைகூட அசைவில்லை. இத்தனையும் சரியாக இருந்த கத்தியைத் திறந்து, முதுகை மேஜை விளிம்பில் வைத்து மெல்ல, மெல்லத்தான், அழுத்தியதும் லைனர் சத்தமில்லாமல் நழுவி பிளேடு மடங்கி வந்தது. பிளேடு வரும் வழியில் விரல் இல்லாததால் காயமில்லை. அந்த நழுவல்தான் இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் அதற்கு முன் ஒரு அறிகுறியும் இல்லை.

கழற்றிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. பிளேடின் அடியில் லைனர் வந்து முட்டும் முகத்தைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள், பொதுவாக 7 முதல் 10 டிகிரி. லைனரின் நுனியும் அந்தச் சாய்வுக்கு ஒத்து உட்கார வேண்டும். சாய்வு கூடினால் அழுத்தம் லைனரை வெளியே தள்ளும். குறைந்தால் லைனர் இறுகிக்கொண்டு, மூடும்போது கட்டைவிரலை நோகடிக்கும். எங்கே முட்டுகிறது என்று அறிய அந்த முகத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, பத்து முறை திறந்து மூடினால் போதும். மை தேய்ந்த இடம்தான் முட்டும் இடம். இந்தக் கத்தியில் ஒரு மூலையில் ஊசிமுனை அளவுக்குத்தான் தேய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் கறுப்பு அப்படியே.

உங்கள் கைக்கு வந்த கத்தியில் எது காட்டிக் கொடுத்தது? கம்பெனி பெயர் வேண்டாம், குறையை மட்டும் எழுதுங்கள்.

மலைப்பாதை

லாக் பற்றி ஆரம்பிச்சதால ஓப்பினெல்ங்கிற பிரெஞ்சு மடக்குக் கத்தி பத்திச் சொல்லியே ஆகணும். 8ஆம் நம்பர், பிளேடு எட்டரை சென்டிமீட்டர், பீச் மரப் பிடி. அடைமழை மூணு நாள், நாலாவது நாள் கத்தி திறக்கவே இல்ல. நகம் பதிக்கிற பள்ளத்துல நகம் வச்சு இழுத்தா நகம்தான் வளையுது. மரம் ஈரம் குடிச்சு உப்பி பிளேடோட அடியைக் கவ்விப் பிடிச்சிருச்சு.

இதைக் குறைன்னு சொல்றவங்க நிறைய. நான் ஒத்துக்க மாட்டேன். 1890லேர்ந்து அந்தக் கத்தியோட அமைப்பே அதுதான், மரத்துல ஒரு வெட்டு, அதுக்குள்ள பிளேடு, குறுக்கே ஒரு ஆணி. இறுக்க ஸ்க்ரூ கிடையாது. பிடியோட பின்முனையை மேஜையில ஒரு தட்டு தட்டினா பிளேடு கொஞ்சம் வெளிய தலைகாட்டும். பிரான்ஸ்ல சவாய் மலைக்காரங்க வழக்கம் அது. அதுக்கும் வரலைன்னா நிழல்ல ரெண்டு நாள் காய விடுங்க. வெயில்லயோ அடுப்புப் பக்கத்திலயோ வச்சா மரம் வெடிக்கும். நல்லா காஞ்சப்புறம் உப்புத்தாளை மடிச்சு அந்த வெட்டுக்குள்ள விட்டு, ஆணி இருக்கிற பக்கம் மட்டும் ரெண்டு புறமும் லேசாத் தேயுங்க. அதிகமாத் தேச்சா வெயில் காலத்துல பிளேடு ஆடும். அந்த ஆட்டத்தைத் திரும்ப எடுக்கிறது கஷ்டம்.

கடையில பார்க்கிறப்ப பிடியோட கழுத்துல இருக்கிற வளையத்தைத் திருப்பிப் பாருங்க. 1955ல வந்த பூட்டு வளையம் அது, 2000லேர்ந்து மூடின நிலையிலயும் பூட்டும். திருப்பத் திருப்ப மெல்ல இறுகணும். ஒரே திருப்புல கடைசி வரைக்கும் போய் நின்னா, தேய்ஞ்சப்புறம் இறுக்க இடமே மிச்சமில்லைன்னு அர்த்தம். மர இழை பிடியோட நீளத்துக்கு ஓடுதான்னும் பாருங்க. கழுத்துப் பக்கம் குறுக்கே ஓடினா அங்கதான் விரிசல் விடும்.

முக்காணி

லாக்கே இல்லாத கத்திக்கும் இடம் உண்டுதானே? லயோல் என்ற பிரெஞ்சு வடிவக் கத்தி ஒன்று, பிடியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங்தான் பிளேடை நிறுத்தும். கொம்புப் பிடி, ஸ்பிரிங்கின் தலையில் தேனீ, பார்க்க அவ்வளவு அழகு. மூடும்போது கடைசி அரை அங்குலத்தில் விரலை விட்டதும் 'டிங்' என்றது. திறந்து விளக்கில் பிடித்தால் கூரின் நடுவில் கடுகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கூர் தன் சொந்த ஸ்பிரிங்கிலேயே மோதித் தட்டையாகிவிட்டது.

சரியாகச் செய்த ஸ்பிரிங் கத்தியில் கூர் ஆரம்பிப்பதற்கு முன்னால் பிளேடின் அடியில் ஒரு சிறு மேடு இருக்கும். மூடியதும் அந்த மேடு ஸ்பிரிங்கில் உட்கார, கூர் அந்தரத்தில் நிற்கும். அடிக்கடி சாணை பிடித்து மேடு தேய்ந்தாலும் இதே நிலைதான் வரும். கடையில் சோதிக்க மெல்லிய காகிதத் துண்டு போதும். பிளேடு உட்காரும் பள்ளத்தில் ஸ்பிரிங்கின் மேல் படுக்க வைத்து, பிளேடை வழக்கம்போல மூடித் திறக்கவும். காகிதத்தில் வெட்டு விழுந்தால் அந்தக் கத்தியை வைத்துவிடலாம். லயோல் வகையில் விரலை விடாமல் பிளேடைக் கொண்டுபோய் உட்கார வைப்பதே பிரான்சில் பழக்கம். அந்த வகையை மட்டும் அப்படி மூடிச் சோதித்து, நியாயமான தீர்ப்பு சொல்லவும்.

தேனீயைப் பார்த்து மயங்க வேண்டாம். லயோல் ஒரு ஊரின் பெயர், ஒரு கத்தி வடிவத்தின் பெயர். பிரான்சின் தியேர் நகரத்திலும் செய்கிறார்கள், சீனாவிலும் செய்கிறார்கள். தேனீ எல்லாவற்றிலும் உட்காரும்.

பிடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் ஒளி தெரிகிறதா என்று பார்க்கவும். முதுகில் விரலை ஓட்டவும். மூடியபோது, திறந்தபோது, இரண்டிலும் ஸ்பிரிங் பிடியோடு சமமாக இருக்க வேண்டும். பாதியில் நின்று போகும் வகையென்றால் அந்தப் பாதி நிலையிலும். மூன்றிலும் சமம் கண்டால் செய்தவர் பொறுமைசாலி.

தேம்ஸ்கரை

முக்காணி அண்ணை சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். இங்க இங்கிலாந்தில காரணமில்லாமல் சட்டைப்பையில கொண்டு திரியலாம் எண்டால் அது பூட்டில்லாத மடக்குக் கத்தியாய் இருக்கவேணும், கூர் 3 அங்குலத்துக்கு மேல போகக்கூடாது. அதால இங்க லாக்கைப் பற்றிக் கதைக்கிறதை விட ஸ்பிரிங்கைப் பற்றித்தான் கதை. ஊரில வில்லுக்கத்தி எண்டு சொல்லுறதே அந்த வில்லை நம்பித்தானே.

இங்கத்தைய செஃபீல்ட் நகரத்தில செய்த ஒரு பழைய கத்தி, ஸ்பிரிங் கல்லு மாதிரி. நகப்பள்ளத்தில நகம் முறிஞ்சது. இறுக்கம் எண்டால் தரம் எண்டு வித்தவர் சொன்னவர். இல்லை. உள்ளுக்கு முழுக்கத் துரு. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, திறந்து மூட, செங்கல்லு நிறத்தில அழுக்கு வடிஞ்சது. துடைச்சுத் துடைச்சு நாலாந்தரம் விட்டாப்பிறகுதான் ஸ்பிரிங்கின்ர உண்மையான பலம் தெரிஞ்சது. அது நொய்ஞ்சு போயிருந்தது. எண்ணெய் விடாமல் பழைய கத்தியை மதிப்பிடாதேங்கோ.

டார்க்ஸ் எட்டு

சாணைக்கல், உங்கள் சோதனை சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு முதுகை மேஜையில் ஓங்கி அடித்துப் பார்க்கப் போகிறார்கள், அதனால் எழுதுகிறேன். அடித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. அடி விழும்போது முழுக் கத்தியும் அதிர்கிறது, அந்த நொடியில் நல்ல லைனரும் துள்ளி விலகலாம். அது நல்ல லாக்கைக் கெட்டதென்று காட்டும். பத்து முறை அடித்தால் மோதும் முகத்தில் பள்ளம் விழுந்து உண்மையிலேயே கெட்டுவிடும். மெதுவாக ஏறும் அழுத்தம் மட்டும் போதும், பிடியை முறுக்கிக்கொண்டே ஒரு முறை, முறுக்காமல் ஒரு முறை. கயிறு அறுக்கும்போது கை முறுக்கத்தான் செய்யும், அதனால் முறுக்கியபோது நழுவுவதுதான் முக்கியம்.

எனக்கு உறுத்துவது வேறு. ஆடுகிறது என்று திருப்பிக் கொடுத்த கத்தி. பிவட் ஸ்க்ரூவை, அதாவது பிளேடு சுழலும் அச்சின் ஸ்க்ரூவை, எட்டில் ஒரு பங்கு திருப்பியதும் ஆட்டம் நின்றது. அவ்வளவுதான் குறை.

ஆட்டம் இரண்டு வகை. பிளேடு இடம் வலமாக அசைந்தால் பிவட் தளர்ந்திருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் டி8 அளவு டார்க்ஸ் (நட்சத்திர முனை) சாவி, சிலவற்றில் டி6. பிளேடு மூட முடியாத அளவு இறுக்கிவிட்டு, அங்கிருந்து சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் ஸ்க்ரூ சேர்ந்து சுற்றினால் மறுபக்கத்தில் இன்னொரு சாவி. ஸ்க்ரூ அசையவே மறுத்தால் தயாரிப்பாளர் மரைப்பசை போட்டிருக்கிறார். பலத்தைக் காட்டினால் ஸ்க்ரூவின் தலைதான் வழுக்கும். சால்டரிங் அயர்னின் சூடான முனையை ஸ்க்ரூ தலையில் அரை நிமிடம் வைத்தால் பசை இளகும். திரும்பப் போடும்போது நீலப் பசை ஒரு துளி, மரையின் நுனியில் மட்டும். சிவப்பு வேண்டாம், அது கழற்றவே கூடாத இடத்துக்கு. துளி அதிகமானால் வாஷருக்குள் வழிந்து பிளேடையே ஒட்டிவிடும்.

பிளேடு மேலும் கீழும் அசைந்தால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அது லாக் முகத்திலோ, திறந்த பிளேடு முட்டி நிற்கும் ஆணியான ஸ்டாப் பின்னிலோ உள்ள குறை, எந்த ஸ்க்ரூவும் சரிசெய்யாது. புதுக் கத்தியிலேயே அப்படி இருந்தால் திருப்பிக் கொடுங்கள். திறந்த நிலையில் லைனர் எவ்வளவு தூரம் உள்ளே வந்து நிற்கிறது என்றும் பாருங்கள். புதுக் கத்தியில் முகத்தின் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரை மூடியிருந்தால் நல்லது. எதிர் லைனரைத் தொட்டு நின்றால், இனி தேய அதற்கு இடமில்லை.

வாஷர் பற்றி ஒரு வரி: வெண்கல வாஷர் ஆரம்பத்தில் கனமாக இருக்கும், போகப்போகப் பட்டுப்போல ஆகும். பேரிங் முதல் நாளே வழுக்கும், ஆனால் மணல் போனால் கரகரக்கும். கடையில் எது வேகமாகத் திறக்கிறது என்பதை வைத்துத் தரம் சொல்லாதீர்கள்.

தோய்ச்சல்

எல்லாரும் லாக்கிலேயே நிற்கிறீர்கள். கத்தி அறுக்கத்தானே?

டி2வில் கார்பன் ஏறக்குறைய 1.5 சதவீதம், விலை குறைந்த 8சிஆர்13மோவி எஃகில் 0.8. கணக்குப்படி முன்னது அதிக நேரம் கூர் தாங்க வேண்டும். ஒரே தடிமன் அட்டைப் பெட்டியில் இரண்டையும் இழுத்தபோது முப்பதாவது இழுப்பில் டி2வின் கூர் விளக்கில் பளிச்சென்று மின்னியது. கூராக இருக்கும் விளிம்பு ஒளியைத் திருப்பாது. மின்னினால் மழுங்கிவிட்டது. விலை குறைந்தது அப்போதும் காகிதத்தைச் சீவிக்கொண்டிருந்தது. எஃகின் பெயரைப் பிளேடில் அடித்துவிடலாம், தோய்ச்சலை (எஃகைச் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்துவதை) அடிக்க முடியாது.

ஆனால் உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். தொழிற்சாலையில் கடைசிக் கூரைத் தண்ணீர் விடாமல் சாணை பெல்ட்டில் ஏற்றும்போது விளிம்பின் மெல்லிய பகுதி மட்டும் சூடேறிப் பதம் இறங்கிவிடும். இரண்டு மூன்று முறை சாணை பிடித்தால் அந்தப் பகுதி போய் உள்ளே இருக்கும் உண்மையான எஃகு வரும். அந்த டி2வும் மூன்றாவது சாணைக்குப் பிறகு மாறியது.

கேட்காவிட்டாலும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பாகப் பிடித்த சாணையை வைத்துத்தான் பாதிப் பேர் எஃகைத் திட்டுகிறார்கள். 400 எண் சாணைக்கல், பிறகு அதைவிட நயமான 1000 எண் கல். கோணத்தைக் கண்ணால் பிடிக்காமல் உயரத்தால் பிடியுங்கள். பிளேடின் அகலம் 25 மில்லிமீட்டர் என்றால், முதுகு கல்லிலிருந்து 8.5 மில்லிமீட்டர் எழுந்தால் 20 டிகிரி, 6.5 என்றால் 15 டிகிரி. அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி அளவு பார்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கத்தில் பிசிறு எழும். அடிமுதல் நுனிவரை பிசிறு விரலுக்குத் தட்டும் வரை பக்கம் மாற்றாதீர்கள். இதில்தான் அவசரப்படுகிறார்கள். பிறகு மறுபக்கம். பிறகு 1000 கல்லில் பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே. கடைசியில் தோல் வாரில் முதுகு முன்னால் போக இழுத்தால் மிச்சப் பிசிறும் விழும். பிசிறு நின்ற கத்தி முதல் இரண்டு வெட்டு அற்புதமாக அறுத்துவிட்டு மூன்றாவதில் செத்துவிடும். அதைப் பார்த்து 'எஃகு மட்டம்' என்பார்கள். டி2வுக்கு வைரத் தகடு நல்லது, சாதாரணக் கல் அதில் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

தோய்ச்சலைச் சோதிக்கப் பித்தளைக் கம்பி ஒன்று, 6 மில்லிமீட்டர் கனம். மேஜையில் கிடத்தி, சாணை பிடித்த கோணத்திலேயே கூரை அதன் மேல் வைத்து லேசாக அழுத்தினால் விளிம்பு கம்பிக்கு மேல் வளைவது தெரியும். நகர்த்திக்கொண்டே போங்கள். வளைந்து திரும்ப நிமிர்ந்தால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மென்மை. உதிர்ந்தால் கடினம் மிஞ்சிவிட்டது.

தடிமனையும் மறக்க வேண்டாம். கூருக்குச் சற்று மேலே வெர்னியரில் 0.4 மில்லிமீட்டர் காட்டினால் கேரட்டை அறுக்கும். 0.9 காட்டினால் பிளக்கும், என்ன எஃகாக இருந்தாலும்.

கருங்காலி

சின்ன விஷயம். டமாஸ்கஸ் (எஃகு அடுக்குகளைச் சேர்த்து அடித்தது) என்று வந்த பிளேடு, அலை அலையாக வரிகள். 600 உப்புத்தாளால் ஒரு ஓரத்தைத் தேய்த்ததும் வரி மறைந்து வழவழப்பான எஃகு வந்தது. இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது, உண்மையான டமாஸ்கஸிலும் தேய்த்தால் வரி மங்கும். அமிலத்தில் நனைத்தால் அதில் திரும்ப எழும். இதில் எழவில்லை. வாங்குமுன் பார்ப்பதென்றால் முதுகைப் பாருங்கள். பக்கத்தில் ஓடும் வரி முதுகிலும் படிவமாகத் தொடர வேண்டும். முதுகு வெறுமையாக இருந்தால் வரி மேலே பொறித்தது.

சாணைக்கல்

டார்க்ஸ் எட்டு, அடிக்கவே இல்லை, எழுதியபடி அழுத்தம்தான். முறுக்காமலேயே நழுவியது. லைனர் ஐந்தில் ஒரு பங்குகூட உள்ளே வரவில்லை என்பதை இப்போதுதான் அளந்தேன்.

தோய்ச்சல் சொன்ன பித்தளைக் கம்பியிலும் வைத்துப் பார்த்தாயிற்று. விளிம்பு வளைந்து நிமிர்ந்தது, ஒரு இடத்திலும் உதிரவில்லை. கூருக்கு மேல் தடிமன் 0.45. எஃகிலும் தோய்ச்சலிலும் குறையே இல்லாத பிளேடு, அதைப் பிடிக்க வேண்டிய லைனர்தான் இப்படி.

பிளேடின் அந்த முகத்தை வைரத் தகட்டில் தேய்த்துச் சாய்வைச் சரியாக்கலாம். லைனர் இன்னும் உள்ளே வந்து நிற்கும், இதில் அதற்கு இடமும் இருக்கிறது. ஆனால் தேய்த்தது சற்று மிஞ்சினால் பிளேடு மேலும் கீழும் ஆடத் தொடங்கும். அப்போது ஸ்டாப் பின்னை 0.1 மில்லிமீட்டர் கனமானதாக மாற்றினால் பிளேடு சற்று முன்னாலேயே நின்று, அந்த இடைவெளி குறைய வேண்டும். லைனர் லாக்கில் இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?