லைசென்ஸ் புதுப்பிக்கும்போது பைபோலார் இருப்பதைச் சொல்ல வேண்டுமா?

கம்பத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு ஜீப் ஓட்டுகிற வேலை. விடியற்காலை கம்பத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவார். வயது 38. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் சரியாகத் தூங்கவே இல்லை, ஓயாமல் பேசினார், சீட்டுப் பணத்தை எடுத்துச் செலவழித்தார், ஒரு நாள் ராத்திரி 2 மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு குமுளி வரை போய்விட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பைபோலார், அதாவது மனசு சில காலம் அளவுக்கு மீறி வேகமெடுத்து, சில காலம் ரொம்பச் சோர்ந்துபோகிற மனநோய் என்றார்கள். அதற்கு லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள், ராத்திரி படுக்கும்போது க்யூட்டியாபின் மாத்திரை. 16 மாசமாக ஒரு தொந்தரவும் இல்லை, மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை.

இப்போது லைசென்ஸ் முடியப்போகிறது. டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ். ஃபாரம் நிரப்பித் தருகிறவர் எதையும் கேட்காமலே எல்லாக் கேள்விக்கும் அவரே டிக் அடித்துவிட்டு, கையெழுத்து மட்டும் போடுங்கள் என்கிறார். இவரும் அதையே சொல்கிறார். வியாதியைச் சொன்னால் லைசென்ஸ் போய்விடும், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அப்புறம் யார் என் வண்டியில் ஏறுவார்கள் என்று கேட்கிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஜீப்பில் தினமும் போகிறவர்களில் என் சித்தியும் ஒருத்தி. சொல்ல வேண்டுமா, வேண்டாமா? டாக்டரே ஆர்டிஓ ஆபீசுக்குத் தெரிவித்துவிடுவாரா?

பேப்பர் வேலை:

தங்கச்சி, பல வருஷமாக இந்த விண்ணப்ப வேலைதான் பார்க்கிறேன். முதலில் கேள்வியைச் சரியாகப் படியுங்கள், ஏனென்றால் பாதிப் பேர் படிக்காமலே பயப்படுகிறார்கள். ஃபார்ம் 1 என்பது நாமே கொடுக்கும் உறுதிமொழி. வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா, 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் கேட்கிறதா என்று போகும். கடைசியில் ஒன்று இருக்கிறது: நீங்கள் வண்டி ஓட்டுவது பொதுமக்களுக்கு ஆபத்தாக முடியக்கூடிய வேறு நோயோ குறைபாடோ உண்டா? உங்கள் விஷயம் இதில்தான் வரும். மனநோய் உண்டா என்று அங்கே கேட்கவில்லை. ஓட்டினால் ஆபத்தா என்றுதான் கேட்கிறது. இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

ஆபத்து இல்லை என்று அவரைப் பார்க்கிற மனநல டாக்டர் சொன்னால், அதற்கு 'இல்லை' என்று எழுதுவது பொய் ஆகாது. கொஞ்ச நாள் ஓட்ட வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கும்போது 'இல்லை' என்று டிக் அடித்தால் அது பொய். பொய்த் தகவல் கொடுத்து வாங்கிய லைசென்ஸை 1988 மோட்டார் வாகனச் சட்டம் 19-ஆம் பிரிவில் ரத்து செய்யலாம். ஆபத்து என்று தெரிந்தும் ஓட்டினால் 186-ஆம் பிரிவில் 1,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 2,000 ரூபாய் அபராதம். மெட்டில் ஏதாவது நடந்து கேஸ் ஆனால் அபராதத்தோடு போகாது, அந்த டிக்கையும் கோர்ட்டில் எடுத்து வைப்பார்கள். கையெழுத்து அவருடையது, ஃபாரம் நிரப்பினவர் வந்து நிற்க மாட்டார்.

டிரான்ஸ்போர்ட் என்பதால் ஃபார்ம் 1ஏ மருத்துவச் சான்றும் வேண்டும். அதில் பெரும்பாலும் கண், காது, கை கால்தான். அதனால் மனநல டாக்டரிடம் தேதி போட்டு ஒரு கடிதம் வாங்கி, 1ஏ போடுகிற டாக்டரிடம் காட்டி, அவருக்கும் தெரிந்தே கையெழுத்து வாங்குங்கள். நகல் வீட்டில் இருக்கட்டும். ஒருவேளை மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டும், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

டாக்டர் சொல்லிவிடுவாரா என்று கேட்டீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவுப்படி அவர் ரகசியம் காக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தீங்கு வருவதைத் தடுக்க என்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் டாக்டரிடமே மறைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, தேதி தாண்டவிடாதீர்கள். முன்பு 30 நாள் சலுகை இருந்தது, 2019 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

பெரியாறு பாலம்:

அக்கா, நான் வண்டிப்பெரியாறு. எனக்கும் பைபோலார்தான், ஒன்பது வருஷமாக. எஸ்டேட்டில் பிக்கப் ஓட்டுகிறேன். சட்டத்தை அண்ணன் சொல்லிவிட்டார், அது கேரளத்திலும் இதேதான், ஒரே சட்டம். நான் வேறு ஒன்று கேட்கிறேன். அவர் காலையில் எத்தனை மணிக்கு ஸ்டியரிங் பிடிக்கிறார், ராத்திரி எத்தனை மணிக்கு அந்த மாத்திரையைப் போடுகிறார்? க்யூட்டியாபின் எனக்கும் கொடுத்தார்கள். 11 மணிக்குப் போட்டுவிட்டு 5 மணிக்கு எழுந்தால் கண் திறந்திருக்கும், ஆனால் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். பனி மூடின வளைவில் எதிரே லாரி வரும்போது பிரேக்குக்குக் கால் போவதற்குள் அரை நொடி பிந்துகிறது என்று எனக்கே தெரிந்தது. அந்த அரை நொடியைப் பற்றி நான் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. வியாதி இருப்பது தப்பு இல்லை.

எனக்கு ஆரம்ப அடையாளம் தூக்கம் குறைவதுதான். இரண்டு நாள் சேர்ந்தாற்போல மூன்று மணி நேரத்துக்குக் கீழே தூங்கினால் சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். நன்றாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொண்டது அது, ஏனென்றால் அந்த நேரத்தில் எனக்கு என்னைவிட நல்ல டிரைவர் உலகத்திலேயே இல்லை என்று தோன்றும், யார் சொன்னாலும் ஏறாது. நீங்களும் இப்போதே அவரோடு பேசி வையுங்கள்.

நைட் டியூட்டி:

கம்பம்தான் எனக்கும் சொந்த ஊர், இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறேன். இங்கே பைபோலார் இருந்தால் லைசென்ஸ் கொடுக்கிற டிவிஎல்ஏவுக்கு நாமே சொல்லியாக வேண்டும், மறைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். ஆனால் சொன்னவுடன் பறித்துவிடுவதில்லை. மேனியா, அதாவது உங்கள் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு வந்த மாதிரி தூங்காமல் வேகமெடுக்கிற கட்டம், வந்து போன பிறகு கார் ஓட்ட குறைந்தது 3 மாதம் நிலையாக இருக்க வேண்டும், பஸ் லாரிக்கு 12 மாதம். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, அதனால் ஓட்டுவதற்குத் தொந்தரவு வருகிறதா என்றும் பார்ப்பார்கள். நம் ஊருக்கு இது சட்டம் இல்லை, ஆனால் உங்கள் 16 மாசத்தை வைத்துப் பார்க்க ஒரு அளவாக இருக்கும் என்றுதான் சொல்கிறேன்.

முக்கியமாக லித்தியம். ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பு வலி வராமல் இருக்காது, உடனே மெடிக்கலில் டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் வாங்கிப் போடுவார்கள். அவை இரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும். வாந்தி, பேதி, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பது, எல்லாமே ஏற்றும். கை நடுக்கம் அதிகமானாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அன்றைக்கு வண்டியைத் தொடக்கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தில் லித்தியம் பார்க்கச் சொல்ல வேண்டும். லைசென்ஸுக்காக அவராகவே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது, அது இதைவிடப் பெரிய ஆபத்து.

கம்பத்துக்காரி:

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெரியாறு தம்பி எழுதியதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், போன மாசம் ஒரு நாள் மெட்டு இறங்கும்போது கண் சொக்கிப்போய் ஓரத்தில் நிறுத்தி முகம் கழுவியதாகச் சொன்னார். இவ்வளவு நாள் என்னிடமும் சொல்லவில்லை. இடுப்புக்கு மாத்திரை வாங்குவதும் உண்மைதான், பர்ஸில் ஒரு அட்டை இருந்தது.

வியாழக்கிழமை இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம், எல்லாவற்றையும் அவரே சொன்னார். இரத்தம் எடுத்தார்கள், வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். ராத்திரி மாத்திரையின் அளவைக் குறைத்து 8 மணிக்கே போடச் சொல்லியிருக்கிறார், மூன்று வாரம் கழித்துப் பார்த்துவிட்டுக் கடிதம் தருவாராம். அதுவரை ஓட்ட வேண்டாம் என்றார். லைசென்ஸ் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, கடிதம் வந்த பிறகே ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார். இப்போதைக்கு என் கொழுந்தன் ஓட்டுகிறான், இவர் சும்மா இருக்க மாட்டாமல் முன்சீட்டில் உட்கார்ந்து கூடவே போய் வருகிறார்.