முதல் ஸ்லைடில் ஒன்றும் இல்லை: குதிரைக்கு வந்த உண்ணி நோயும் ரத்தப் பரிசோதனையும்

ஈரோடு மாவட்டம், குதிரை வளர்ப்பவர்:

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்குதிரை வாங்கினேன். ஆறு வயது, சாம்பல் நிறம். பல் பார்த்தேன், குளம்பைத் தட்டிப் பார்த்தேன், சுழி பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் அழைத்துப் போயிருந்தேன். ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரு நாள், குதிரை கொள்ளுத் தீனியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. வெப்பமானி 40.6 டிகிரி செல்சியஸ் காட்டியது; குதிரைக்கு 38.5 வரைதான் இயல்பு. கையிலிருந்த காய்ச்சல் மருந்தை இரவே கொடுத்தேன். மறுநாள் பிற்பகல் மருத்துவர் வருவதற்குள் சூடு இறங்கியிருந்தது. கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கிருமி எதுவும் தென்படவில்லை என்று தாளில் எழுதி வந்தது. நான்கு நாளில் தீனி எடுக்கத் தொடங்கியது. அந்தத் தாளை நம்பி நிம்மதியாக இருந்தேன். மூன்று வாரம்கூட அது நீடிக்கவில்லை.

ஒரு விடியற்காலை லாயத்தைக் கூட்டப் போனபோது, வைக்கோலில் கடுங்காப்பியைக் கொட்டியது போல மூத்திரம் தேங்கியிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளிறி, மஞ்சள் பாய்ந்திருந்தது. இந்த முறை பக்கத்து ஊர் மருத்துவரம்மா வந்தார். வந்ததும் டார்ச்சை வாங்கிக் காதுக்குள் அடித்தார். மடிப்பில் மூன்று உண்ணிகள், ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல ஊதிக் கிடந்தன. வாலடியில் இன்னும் இரண்டு. நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கக் கற்றுக்கொடுத்தார்.

பிறகுதான் ரத்தம் எடுத்தார். ஊதா மூடிக் குழாயில் ஒன்று, சிவப்பு மூடிக் குழாயில் ஒன்று. ஊதாக் குழாயை நான் குலுக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்து, “குலுக்கினால் அணுக்கள் உடைந்துவிடும். மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்” என்றார். காது ஓரத்தில் குத்தி, வந்த சொட்டிலும் ஒரு ஸ்லைடு இழுத்தார். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 16 சதவீதம் என்று வந்தது. 30-க்கு மேல் இருக்க வேண்டுமாம். ஸ்லைடில் தைலேரியா ஈக்வி இருந்தது; உண்ணி பரப்பும், சிவப்பணுவுக்குள் புகுந்து வாழும் கிருமி அது. மருந்தை ஊசியில் ஏற்றியதும் குதிரைக்கு எச்சில் ஒழுகி வயிறு வலித்தது. அந்த மருந்துக்கு அப்படி ஆவதுண்டு என்று சொல்லி, இருட்டும்வரை கூடவே நின்றார். அவர் அன்று நின்றதை நான் மறக்க மாட்டேன்.

உங்களில் வேறு யாருக்காவது முதல் பரிசோதனையில் நோய் அகப்படாமல் போயிருக்கிறதா?

சென்னை, கால்நடை ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

தம்பி, முதல் ஸ்லைடைப் பார்த்தவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் லென்சின் கீழே கண் எரிய எரியத் தேடுவோம். காய்ச்சல் உச்சத்தில் எடுத்த ரத்தமென்றால் தைலேரியா நான்கு நான்காகச் சேர்ந்து சின்னஞ்சிறு சிலுவை போலத் தெரியும். இதே போல உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியா கபாலி என்றால் இரண்டு பேரிக்காய்கள் காம்புப் பக்கம் ஒட்டிக்கொண்டது போல இருக்கும். அதுவும் கடும் நோயிலேயே நூறு அணுவில் ஒன்றில்கூட இருக்காது. காது ஓரத்தில் குத்தி எடுத்த ரத்தத்தில் அது அகப்பட வாய்ப்பு கூடுதல். மருத்துவரம்மா தொழில் தெரிந்தவர்.

காய்ச்சல் இறங்கினாலும் தைலேரியா உடம்பை விட்டுப் போவதில்லை; லென்சுக்குச் சிக்காத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் இன்னும் பத்து ஸ்லைடு போட்டாலும் பயனிருக்காது. சிவப்பு மூடிக் குழாயின் சீரத்தில், அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரில், கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா வேண்டும், அல்லது ஊதாக் குழாய் ரத்தத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் வேண்டும். நோய் தொற்றிய முதல் சில நாட்களில் எலைசாவும் கைவிடும். எதிர்ப்பொருள் உண்டாக நாள் பிடிக்கும். எதிர்ப்பொருளைத் தேட முன்பு வழக்கத்திலிருந்த காம்ப்ளிமெண்ட் பிக்சேஷன் பரிசோதனையில், நோய் நாள்பட்ட குதிரைகள் அகப்படாமல் தப்பிவிடும். அதனால்தான் இறக்குமதியாகும் குதிரைகளுக்கு அமெரிக்கா 2005-இல் எலைசாவுக்கு மாறியது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். சூடு ஏறியிருக்கும்போதே, எந்த மருந்தும் கொடுப்பதற்கு முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். குழாய்களை ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள், ஆனால் உறைய விடாதீர்கள்.

கோவை, குதிரையேற்றப் பயிற்சி நடத்துபவர்:

எங்களுக்கு நேர்ந்தது நேர்மாறானது. இரண்டு மாதக் குட்டிக்கு எலைசாவில் நோய் இருப்பதாக வந்து, வீடே அழுதது. தாய்க்கு நோய் இருந்ததால் சீம்பாலின் வழியாக அதன் எதிர்ப்பொருள் குட்டிக்கு வந்திருக்கலாம் என்று மருத்துவர் பொறுத்திருக்கச் சொன்னார். பிசிஆரில் கிருமி இல்லை. ஆறாம் மாதம் மறுபடி பார்த்தபோது எலைசாவும் தெளிந்துவிட்டது. இப்போது அது வேலியைத் தாண்டக் கற்றுக்கொண்டிருக்கிறது.

பெங்களூரு, முப்பது ஆண்டு லாய வேலை பார்த்தவர்:

அண்ணா, எல்லாரும் உண்ணியையே சொல்கிறீர்கள். ஒரே ஊசியால் நான்கு குதிரைக்கு மருந்து போடும் லாயங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2008-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதே நோய் கிளம்பியபோது, உண்ணி மூலம் பரவியதற்குத் தடயம் கிடைக்கவில்லை. குதிரைக்குக் குதிரை ஊசியை மாற்றாமல் போட்டதில்தான் விசாரணை போய் நின்றது. ரத்தம் எடுக்க வருகிறவர் ஒவ்வொரு குதிரைக்கும் புது ஊசி பிரிக்கிறாரா என்று பாருங்கள். பிரிக்காவிட்டால் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஈரோடு மாவட்டம், குதிரை வளர்ப்பவர்:

ஐயா, அண்ணா, அம்மா, எல்லாருக்கும் நன்றி. காய்ச்சல் மருந்தைக் கொடுத்துவிட்டு ஒரு நாள் காத்திருந்தது என் தவறு என்று இப்போது புரிகிறது. என் குதிரைக்கு எலைசா இன்னும் நோய் இருப்பதாகவே காட்டுகிறது. நான் வாங்குவதற்கு முன்பே தொற்றியிருந்ததா, என் லாயத்தில் தொற்றியதா என்பதை அந்தத் தாள் சொல்லாது. வயிற்றுக் குட்டிக்கும் போகக்கூடும் என்பதால் இனச்சேர்க்கைக்கு விடவில்லை. நீண்ட பயணமும் கடும் ஓட்டமும் நிறுத்திவிட்டேன். உடல் தளர்ந்தால் நோய் திரும்பும் என்று மருத்துவரம்மா எச்சரித்திருக்கிறார். தினமும் மாலையில் டார்ச்சோடு காது, பிடரி அடி, தொடை இடுக்கு, வாலடி பார்க்கிறேன். முதலில் காதைத் தொடவே விடாது. இப்போது டார்ச் வெளிச்சத்தைக் கண்டதும் தானாகவே தலையைத் தாழ்த்திக் கொடுக்கிறது.