மோரிஸ் மைனரா, ஹைலக்ஸா? ஆலோசனை தேவை

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சிங்கப்பூர் தேக்காவில் உள்ள எங்கள் காய்கறிக் கடைக்கு வண்டி வாங்கப் போகிறோம். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து சரக்கு ஏற்ற டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்தான் சரி என்கிறான் தம்பி. அப்பாவுக்கோ, தெரிந்தவர் விற்கும் 1967ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் கார் மேல் கண்.

நானும் அதைப் பார்த்தேன். 1098 சிசி எஞ்சின், வெறும் 48 குதிரைத்திறன். ஆனாலும் பானட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டுகிறது, கம்ப்யூட்டர் தொல்லையே இல்லை. அவ்வளவு அழகு! ஆனால் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். தினச் சரக்குக்கு அது எப்படிப் போதும்?

ஹைலக்ஸ் சுமை தாங்கும், சரி. சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழில், சரக்கு வண்டிகளுக்கான சி பிரிவில் வரும். நீளம்தான் இடிக்கிறது: வண்டி 5.3 மீட்டர், நிறுத்துமிடக் கட்டமோ 4.8 மீட்டர்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்) வைத்திருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அப்புறம், மைனரின் பின் ஸ்பிரிங் சட்டத்தோடு சேரும் இடத்தில் துரு தெரிகிறது. அதை வெட்டி எடுத்து வெல்டிங் செய்யத் தெரிந்த நல்ல மெக்கானிக் யாராவது இருக்கிறாரா? அப்பாவின் ஆசையை லேசில் தள்ள மனம் வரவில்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.