அளவு மீறிய ஒன்றைப் பார்த்த நாள்: உங்கள் அனுபவம் என்ன?

அழகு என்று சொல்ல வாய் வராமல், பயமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்து நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? விமர்சனக் கட்டுரைகளில் ‘உன்னதம்’ என்று எழுதுகிறோமே, அதைத்தான் கேட்கிறேன். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதம் கர்நாடகத்தில் இருக்கிற ஜோக் அருவிக்குப் போயிருந்தேன். ஷராவதி ஆறு 253 மீட்டர் விழுகிற இடம். ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்கு தாரைகளும் படத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடம். நேரில் போய் நின்றால் ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை மூட்டம். சத்தம் மட்டும் இருந்தது. அதுவும் காதில் கேட்ட மாதிரி இல்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தவில் அடிக்கிற மாதிரி. பக்கத்தில் நின்ற தங்கை ஏதோ கத்தினாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பத்து நிமிஷம் கழித்துக் காற்று திரும்பி, மூட்டம் விலகியது. செம்மண் நிறத்தில் மொத்த ஆறும் இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணி ஐந்து விநாடி. மறுபடி மூடிக்கொண்டது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன், முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

எட்மண்ட் பர்க் என்ற சிந்தனையாளர் உன்னதத்தைப் பற்றி 1757இல் எழுதியதைப் பிறகுதான் படித்தேன். பேரருவியின் இரைச்சலே மனத்தை ஆட்கொள்ளப் போதும் என்கிறார். தெளிவாகத் தெரிவதைவிட மங்கலாகத் தெரிவதுதான் அதிகம் மிரட்டும் என்றும் சொல்கிறார். மூட்டம் இல்லாத நாளில் போயிருந்தால் நல்ல போட்டோ கிடைத்திருக்கும். இது கிடைத்திருக்காது.

பதில்:

எனக்குத் தஞ்சைப் பெரிய கோயில். பலமுறை போன கோயில்தான். ஒரு சாயங்காலம் விமானத்தின் சுவரை ஒட்டி நின்று அண்ணாந்தேன். 13 தளம். கண் மேலே ஏறுவதற்குள் கீழே பார்த்தது நழுவிவிடுகிறது, முழுசாகப் பிடிபடவே இல்லை. பிரமிடுக்கு மிகக் கிட்டே போகிறவனுக்கு இதேதான் நேரும் என்று ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1790இல் எழுதியிருக்கிறார். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்பார்கள். அதைப் பற்றிப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இதற்கு மருட்கை, அதாவது வியப்பு, என்று பெயர். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்று நான்கு காரணம். சிறுமையையும் சேர்த்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆலம் விதையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்.

பதில்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17 ராத்திரி. தாமிரபரணியை ஒட்டிய ஊர் எங்களுடையது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ. கொட்டித் தீர்த்த மழை அது. தெரு ஆறாக ஓடுவதை மாடிப்படியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு சிலிர்ப்பு இருந்தது. அரை மணி நேரத்தில் அடுப்படியிலிருந்து டங் டங் என்று சத்தம். கேஸ் சிலிண்டர் மிதந்துபோய்ச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. அதோடு சிலிர்ப்பு போயிற்று. ஆச்சியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினோம். ரேஷன் கார்டு, பத்திரம், ஆச்சியின் மாத்திரை, இது தவிர மனதில் எதுவும் இல்லை. தொல்காப்பியர் அச்சத்தைத் தனி மெய்ப்பாடாக வைத்தது சரிதான்.

பதில்:

தாமிரபரணி நண்பருக்கு: இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. ஆபத்து கிட்டே வந்துவிட்டால் அது வெறும் பயங்கரம்தான் என்று பர்க்கே சொல்லியிருக்கிறார். பத்திரமான இடத்தில் நிற்பவனைத்தான் அது ஈர்க்கும் என்கிறார் கான்ட். அவர் காட்டும் உதாரணங்களில் பேராற்றின் அருவியும் ஒன்று. உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் நான் எழுதாமல் விட்டது நினைவுக்கு வந்தது. ஜோக் அருவியில் நான் நின்ற இடத்தில் இடுப்பளவுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். அத்தனை நேரமும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தபோது உள்ளங்கை முழுக்கத் துரு.