பிறந்த இடம்தான் மதத்தைத் தீர்மானிக்கிறது என்றால், உண்மையை எப்படித் தேடுவது?

வினவுவோன்:
வணக்கம். மத ஒப்பீடு பற்றிப் பேச்சு எழுந்தாலே, "நீ வேறொரு நாட்டில் பிறந்திருந்தால் வேறொரு மதத்தைத்தான் உண்மை என்று சாதித்திருப்பாய்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? நம்பிக்கையைப் பண்பாடுதான் வார்க்கிறது என்று ஒப்புக்கொண்டால், எது உண்மை என்ற கேள்வியே வீணாகிவிடாதா? எப்படி அலசுவது என்று யாராவது விளக்க முடியுமா?

அளவை:
வாதம் மிகப் பழையது. எத்தியோப்பியரின் தெய்வங்களுக்குச் சப்பை மூக்கு, திரேசியரின் தெய்வங்களுக்கு நீலக் கண் என்று கிரேக்கரான செனோஃபனீஸ் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே சுட்டிக்காட்டிவிட்டார். லண்டனில் ஒருவரைக் கிறிஸ்தவராக்கிய அதே காரணங்கள் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) அவரைப் பௌத்தராக்கியிருக்கும் என்று 1859இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார்.

ஆனால் ஒரு கருத்து எங்கிருந்து வந்தது என்பதை வைத்தே அது பொய் என்று முடிவுகட்டுவது தர்க்கப் பிழை. வாய்ப்பாட்டையும் பள்ளிதான் மனப்பாடம் செய்ய வைத்தது. அதனால் ஏழெட்டு ஐம்பத்தாறு பொய்யாகிவிடவில்லை. இந்த வாதத்தால் அடிபடுவது "எனக்கு உறுதியாகத் தெரிகிறது" என்ற சாட்சி மட்டுமே. அதே உறுதி எதிர்த்தரப்பிலும் இருக்கிறது, ஆகவே அது செல்லாது. கிறிஸ்தவப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவும் முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிம்களாகவும் வளர்வதைக் கவனித்த இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸாலி (இறப்பு 1111) மதத்தை விடவில்லை. கேட்டதை அப்படியே ஏற்பதை விட்டார், காரணம் தேடினார்.

மதமற்ற சூழலில் வளர்ந்து மதத்தை மறுப்பவருக்கும் இந்த வாதம் அப்படியே பொருந்தும். இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மறுதலை:
மதத்தை மொத்தமாக எடுத்தால் அலச முடியாது. அது சொல்வதைத் தனித்தனி வாக்கியங்களாக எழுதி, வரலாறு, தத்துவம், ஒழுக்கம், வடிவம் என்று நான்காகப் பிரியுங்கள்.

பண்பாடு அதிகம் விளையாடுவது வடிவத்தில். இந்தியாவில் ஆண் உருவில் இருந்த அவலோகிதேசுவரர் என்ற பௌத்தப் போதிசத்துவர் சீனத்தில் குவான்யின் என்ற பெண் உருவானார். கருணை என்ற போதனை மாறவில்லை. இங்கே எது சரி என்று சண்டையிட ஒன்றுமில்லை. இயேசு சிலுவையில் இறந்தாரா என்பது அப்படியல்ல. நற்செய்திகள் ஆம் என்கின்றன, குர்ஆன் 4:157 மறுக்கிறது. இது நடந்த, அல்லது நடக்காத நிகழ்ச்சி. இரண்டும் சேர்ந்து உண்மையாக முடியாது. நிலையான ஆன்மா உண்டா என்பதில் வேதாந்தமும் பௌத்தமும் மோதுவதும் நேர் முரண்தான், ஆனால் அங்கே வரலாற்றுச் சான்று எடுபடாது, அனுமானம்தான், அதாவது காரணம் காட்டி முடிவுக்கு வருவதுதான், வேலை செய்ய வேண்டும்.

அடுத்து, எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே "ஆம், இதைத்தான் சொல்கிறோம்" என்று ஒப்பும்படி எழுதுங்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் மதங்களை ஆராயும் பரபக்கம் என்ற பகுதி, கண்ணால் காண்பதே உண்மை என்னும் உலகாயதம் தொடங்கி 14 மதங்களை எடுத்துக்கொள்கிறது. முதலில் அவர்கள் மதம், பிறகுதான் மறுதலை. இந்த வரிசை தலைகீழானால், நாமே கட்டிய பொம்மையை நாமே அடித்துக்கொண்டிருப்போம்.

பலவழி:
இவ்வளவு பிரிக்க வேண்டுமா? மெய்ப்பொருள் ஒன்றே, பண்பாடுகள் அதைப் பலவாறு உணர்கின்றன என்று சமயத் தத்துவவாதி ஜான் ஹிக் சொன்னதே போதாதா? யானையைத் தடவிய குருடர்களும் அதைத்தானே காட்டுகிறார்கள்?

மறுதலை:
உதானம் என்ற பௌத்த நூலில் உள்ள அந்தக் கதையில் யானையை முழுசாகப் பார்க்கும் அரசன் ஒருவன் இருக்கிறான், அவனால்தான் மற்றவர்கள் குருடர்கள் என்று நமக்குத் தெரிகிறது. எல்லோரும் பகுதியைத்தான் தொடுகிறார்கள் என்பவர் அரசனின் இருக்கையைத் தனக்கு எடுத்துக்கொள்கிறார். அதுவும் ஓர் உண்மைக் கோரிக்கைதான், அதற்கும் நிரூபணம் தேவை. சிலுவை மரணம் வெறும் உருவகம் என்றால் கிறிஸ்தவரும் ஏற்கமாட்டார், முஸ்லிமும் ஏற்கமாட்டார்.

வினவுவோன்:
மிக்க நன்றி. ஒழுக்க விதியில்தான் தடுமாறுகிறேன். எது வெறும் பழக்கம், எது கோட்பாடு என்று எப்படிப் பிரிப்பது?

அளவை:
விதிக்கு அடியில் ஏதாவது கூற்று இருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். சமணர் கிழங்கு தவிர்ப்பது வெளியே இருந்து பார்த்தால் உணவுப் பழக்கம். கேட்டுப் பார்த்தால், ஒரே கிழங்கில் எண்ணற்ற உயிர்கள் உறைகின்றன என்பார்கள். அந்தக் கூற்று விழுந்தால் விதியின் காரணமும் விழும், நின்றால் நிற்கும். ஆக அதைத் தத்துவத்தில் வைத்துச் சோதியுங்கள். அடியில் எந்தக் கூற்றும் அகப்படாத விதியை மட்டும் பழக்கம் என்று ஒதுக்கலாம்.