டீசல் மீட்டர் லிட்டரில் காட்டுகிறது, கிலோவுக்கு மாற்ற எந்த அடர்த்தியைப் போடுவது?

ஆலை_மின்பணி:
எங்கள் நூற்பாலையில் 500 கேவிஏ டிஜி செட் (டீசல் ஜெனரேட்டர்) ஒன்று இருக்கிறது. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றி சர்வீஸ் செய்யப் போகிறோம், அதற்கு முன்னும் பின்னும் ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் டீசல் போகிறது என்று கணக்கெடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். இன்ஜினுக்குப் போகிற லைனில் ஒரு மீட்டர், டே டேங்குக்கு (இன்ஜினுக்கு டீசல் கொடுக்கிற சின்ன டேங்க்) திரும்புகிற லைனில் ஒரு மீட்டர், இரண்டுமே லிட்டர் மீட்டர்தான். லோடு 355 கிலோவாட்டில் நிலையாக இருக்கும்போது போவது மணிக்கு 210 லிட்டர், திரும்புவது 120. மீதி 90.

இந்த 90-ஐ எதால் பெருக்குவது என்பதில்தான் குழப்பம். ஃபோர்மேன் எப்போதும் 0.85 போடுவார். டேங்கர் ரசீதில் 15 டிகிரியில் கனமீட்டருக்கு 832 கிலோ, அதாவது லிட்டருக்கு 0.832 என்று இருக்கிறது. கூட வேலை செய்பவர், டீசல் சூடாக இருக்கிறது, 0.818 போடு என்கிறார். மூன்றுக்கும் முறையே 215, 211, 207 கிராம் வருகிறது. சர்வீஸுக்குப் பிறகு 2 சதவீதம் குறைந்தாலே எங்களுக்கு நல்ல லாபம், ஆனால் கணக்கே 4 சதவீதம் ஆடினால் எதை நம்புவது?

டெஸ்ட்பெட்_காரர்:
இரண்டு மீட்டர் பக்கத்திலும் டீசல் என்ன சூட்டில் இருக்கிறது? டேங்கில் பார்த்த சூடு வேண்டாம், மீட்டரை ஒட்டி லைனில் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆலை_மின்பணி:
போகிற லைனில் 35 டிகிரி, ரிட்டர்னில் 60.

டெஸ்ட்பெட்_காரர்:
அப்படியென்றால் மூன்று விடையுமே சரியில்லை. நீங்கள் 35 டிகிரி லிட்டரிலிருந்து 60 டிகிரி லிட்டரைக் கழித்திருக்கிறீர்கள், இரண்டும் ஒரே லிட்டர் இல்லை. முதலில் ஒவ்வொரு லைனையும் தனித்தனியாகக் கிலோவாக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கழித்தல்.

டீசல் ஒரு டிகிரி சூடாவதற்குக் கனமீட்டருக்கு ஏறத்தாழ 0.7 கிலோ இலேசாகும். 15 டிகிரியில் 832 என்றால் 35-ல் 818, 60-ல் 800.5. போவது 210 × 0.818 = 171.8 கிலோ. திரும்புவது 120 × 0.8005 = 96.1 கிலோ. எரிந்தது மணிக்கு 75.7 கிலோ, அதாவது யூனிட்டுக்கு 213 கிராம். சூட்டைக் கவனித்த உங்கள் நண்பரின் கணக்குதான் இதிலிருந்து அதிகம் விலகி நிற்கிறது என்பதைப் பாருங்கள். ரசீதில் இருந்த 832-ஐ அப்படியே போட்டவருக்கு அடர்த்தியில் வந்த தவறும் கழித்தலில் வந்த தவறும் எதிரெதிராகப் போய் ஓரளவு அடித்துக்கொண்டன. இன்னொரு நாள் ரிட்டர்ன் 70 டிகிரிக்கு ஏறினால் அந்தப் பொருத்தமும் போய்விடும், அதனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

அப்புறம் ரசீதை விட, ஓடுகிற டேங்கிலிருந்தே மாதிரி எடுங்கள். பழைய டீசலும் புதுசும் அதில் கலந்துதானே இருக்கும். பெட்ரோல் பங்கில் வைத்திருக்கும் அதே கண்ணாடி ஜாடி, ஹைட்ரோமீட்டர் (மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி), தெர்மாமீட்டர் போதும். அடர்த்தியையும் சூட்டையும் ஒரே நேரத்தில் படித்து, அட்டவணை வழியாக 15 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்.

கடல்_எஞ்சினியர்:
கப்பலில் இது தினசரி வேலை. கன எண்ணெயை (ஹெவி ஃப்யூயல் ஆயில்) 120 டிகிரி வரை சூடாக்கித்தான் இன்ஜினுக்கு அனுப்புவோம். 15 டிகிரியில் 985 என்று சீட்டில் இருந்தால், சூட்டு வித்தியாசமான 105-ஐ, ஒரு டிகிரிக்கு எவ்வளவு பங்கு இலேசாகும் என்கிற 0.00064-ஆல் பெருக்கி 1-லிருந்து கழிப்போம், 0.9328 வரும், அடர்த்தி 919 ஆகிவிடும். இதை விட்டுவிட்டு 985-ஐயே போட்டால் 7 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக எரிந்ததாகக் காட்டும்.

அடர்த்தியின் அலகையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள் என்று எங்கள் ஜூனியர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா 143 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. டேங்கில் 7,682 லிட்டர் இருந்தது. அதைக் கிலோவாக்க 0.803 போட வேண்டிய இடத்தில் 1.77 போட்டார்கள், அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்கிற எண். 20,000 லிட்டருக்கு மேல் நிரப்ப வேண்டியவர்கள் 5,000 லிட்டர்கூட நிரப்பவில்லை. நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்று, விமானிகள் அந்தப் போயிங் 767-ஐ மிதக்கவிட்டே கனடாவின் கிம்லி நகரில் இறக்கினார்கள். எண் மட்டும் எழுதியிருந்தால் அது எந்த அலகு என்று யாருக்குத் தெரியும்?

பம்ப்_ரூம்:
டெஸ்ட்பெட் சார் சொன்ன கணக்கு சரி. ஆனால் இரண்டு மீட்டரும் அரை சதவீதத் துல்லியம் என்று வைத்துக்கொண்டால் போவதில் 1.05 லிட்டர், வருவதில் 0.6 லிட்டர் தவறலாம். இரண்டும் எதிர்ப்பக்கம் போனால் 90-ல் 1.65, கிட்டத்தட்ட 1.8 சதவீதம். நீங்கள் தேடுகிற மிச்சமே அவ்வளவுதான். போதாததற்கு ரிட்டர்ன் லைனில் காற்றுக் குமிழி வந்தால் அதையும் மீட்டர் டீசலாகவே எண்ணும், எரிந்தது குறைவாகத் தெரியும்.

நானாக இருந்தால் சோதனைக்கு மட்டும் 200 லிட்டர் பேரலைப் பிளாட்பார்ம் தராசில் வைத்து, சப்ளை, ரிட்டர்ன் இரண்டு ஹோஸையும் அதிலேயே விடுவேன். தராசில் குறைவதுதான் எரிந்த கிலோ, அடர்த்தியே தேவையில்லை.

ஆலை_மின்பணி:
இது எங்களால் முடியும், தராசு குடோனிலேயே இருக்கிறது. எவ்வளவு நேரம் ஓட்டுவது?

பம்ப்_ரூம்:
மணிக்கு 76 கிலோ போகும் என்பதால் நிறைந்த பேரலில் ஒரு மணி நேரம் தாராளமாக ஓட்டலாம். ஹோஸ் இரண்டும் மேலே தனித் தாங்கியிலிருந்து தொங்கட்டும், பேரல் விளிம்பில் சாய்ந்தால் தராசு தவறாகக் காட்டும். முதல் 10 நிமிடக் கணக்கை விட்டுவிடுங்கள், லைனில் இருக்கும் காற்று போக வேண்டும். ரிட்டர்ன் வந்து வந்து பேரல் சூடாகும், 50 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். யூனிட் மீட்டரையும் தராசையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் படிக்கட்டும், சர்வீஸுக்குப் பிறகும் அதே 355 கிலோவாட் லோடில் ஓட்டிப் பாருங்கள்.