சில்கானோ வீட்டில் செய்தால் மட்டும் ஏன் சப்பென்று வருகிறது?

லிமா_புதுசு:

வணக்கம். வேலைக்காக பெருவின் லிமாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மிராஃப்ளோரஸில் இருக்கிறேன். வந்ததிலிருந்து சூரியனையே பார்க்காமல் சாம்பல் வானத்தின் கீழ் கிடந்தேன். இப்போதுதான் ஜனவரி வெயில். போன வாரம் "சில்கானோ வாரம்" என்று சொல்லி ஆபீஸ் ஆட்கள் பர்ராங்கோவில் ஒரு பாருக்கு இழுத்துப் போனார்கள். நீளக் கிளாஸ், நிறைய ஐஸ், பிஸ்கோ (திராட்சைச் சாராயம்), எலுமிச்சை, ஜிஞ்சர் ஏல் (இஞ்சி சோடா), மேலே செம்பழுப்பாக இரண்டு சொட்டு. மூன்று கிளாஸ் போனதே தெரியவில்லை.

சரி, இதில் என்ன பெரிய வித்தை என்று வீட்டில் செய்தேன். சூப்பர் மார்க்கெட்டில் இருந்ததிலேயே விலை கூடிய பிஸ்கோவை வாங்கினேன் (லேபிளில் 'மோஸ்டோ வெர்தே' என்று இருந்தது). ஜிஞ்சர் ஏல் பெரிய பாட்டில், ஃபிரிட்ஜில் இடம் இல்லாததால் வெளியில்தான் இருந்தது. எலுமிச்சையைக் காலையிலேயே பிழிந்து வைத்துவிட்டேன். கிளாஸுக்கு நாலு ஐஸ், சர்பத் கலக்குவதுபோல் நன்றாகக் கலக்கினேன். வந்தது சர்க்கரைத் தண்ணீர், கடைசியில் ஒரு கசப்பு. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இருமல் மருந்தில் சோடா ஊற்றினாயா?" என்றாள். அடுத்த முறை எல்லாவற்றையும் ஷேக்கரில் போட்டுக் குலுக்கினேன். மூடி பறந்ததில் சமையலறைக் கூரையில் இன்னும் கறை இருக்கிறது.

வரும் சனிக்கிழமை ஆபீஸிலிருந்து ஆறு பேர் வீட்டுக்கு வருகிறார்கள். அதில் ஒருவர் குடிக்காதவர். எந்த பிஸ்கோ வாங்குவது? ஜிஞ்சர் ஏலுக்குப் பதில் ஜிஞ்சர் பீர் சரிப்படுமா? இஞ்சியைத் தட்டிப் போடலாமா?

இன்னொன்று. ஞாயிறு மதியம் ஒரு செவிச்சே (எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன்) கடையில் "ஊன் சில்கானோ" என்று தெம்பாகக் கேட்டேன். ஒரு கப்பில் சூடாக மீன் சூப் வந்தது. பேசாமல் குடித்துவிட்டு வந்தேன். நான் கேட்டது தப்பா?

இக்கா_மருமகன்:

தம்பி, சூப்பில் தொடங்குவோம். நீ கேட்டதும் சரி, அவர்கள் கொடுத்ததும் சரி. சில்கானோ என்பது முதலில் மீன் தலையையும் முள்ளையும் போட்டுக் கொதிக்கவைத்த சூப்பின் பெயர். ராத்திரி கூடிப்போனவர்களுக்குக் காலையில் தலை தெளிய என் மாமியார் அதைத்தான் வைப்பார். பானத்துக்கு அந்தப் பெயர் ஏன் ஒட்டியது என்பதற்கு ஆளுக்கொரு கதை. இங்கே குடியேறிய இத்தாலியர்கள் அவர்கள் ஊர்ச் சாராயமான கிராப்பாவில் ஜிஞ்சர் ஏல் ஊற்றிக் குடித்தார்கள், கிராப்பாவின் இடத்தை பிஸ்கோ பிடித்துக்கொண்டது என்பது அடிக்கடி காதில் விழுவது. செவிச்சே கடையில் பானம் வேண்டுமானால் "சில்கானோ தெ பிஸ்கோ" என்று முழுசாகச் சொல்.

நான் பதினோரு வருடமாக லிமாவில் இருக்கிறேன். பெண் எடுத்தது இக்கா பக்கம். மாமனார் வீட்டுக் கொல்லையில் திராட்சைப் பந்தல் உண்டு. அவர் முன்னால் முதன்முறை சில்கானோ கலக்கியபோது எனக்கும் உன் கதிதான். அவர் கிளாஸை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், குமிழியே இல்லை. "பாவம், செத்துப்போச்சு" என்று சொல்லி என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உன் கிளாஸும் அப்படிச் செத்ததுதான். பிஸ்கோவின் மேல் குற்றமில்லை. வெதுவெதுப்பான ஜிஞ்சர் ஏலை ஐஸில் ஊற்றிய அந்த நிமிடமே காஸ் பாதி போய்விடும், மீதியை உன் ஸ்பூன் துரத்திவிட்டது. காஸ் போனால் வெறும் இனிப்புதான் நாக்கில் நிற்கும். நாலு ஐஸ் குளிர்விக்கும் முன்பே கரைந்து தண்ணீராகிவிடும். நிறைய ஐஸ் போட்டால் பானம் நீர்த்துவிடும் என்று நாம் பயப்படுகிறோம், நடப்பது நேர்மாறு. கிளாஸ் விளிம்பு வரை ஐஸ் இருந்தால்தான் மெதுவாகக் கரையும். ஃபிரீசர் டிரேயை நம்பாதே. பெட்ரோல் பங்குகளில் பை பையாக ஐஸ் விற்கிறார்களே, அதை வாங்கு. கிளாஸில் போடும் முன் ஒரு தடவை தண்ணீரில் அலசி வடித்துவிடு. மேலே படிந்த பனித்தூளின் சொரசொரப்பில்தான் நுரை பொங்கி காஸ் ஓடும்.

அப்புறம் பிஸ்கோ. மோஸ்டோ வெர்தே என்றால் திராட்சைச் சாற்றின் இனிப்பு முழுவதும் சாராயமாக மாறும் முன்பே நொதிப்பை நிறுத்தி வடிப்பது. அதற்குத் திராட்சை நிறையப் பிடிக்கும், விலையும் அதனால்தான். அதைச் சின்ன கிளாஸில் ராவாக, மெதுவாகக் குடிக்க வேண்டும். ஜிஞ்சர் ஏல் ஊற்றுவது பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வயலில் இறங்குவது மாதிரி. சில்கானோவுக்கு 'கெப்ராந்தா' திராட்சையின் 'பூரோ' வாங்கு, ஒரே வகைத் திராட்சையில் வடித்தது. வாசனை அடக்கமாக இருக்கும், உடம்பு கெட்டி, இஞ்சிக்கு ஈடுகொடுக்கும். இல்லையென்றால் 'அச்சோலாதோ', பல வகை கலந்தது. பூ வாசனை பிடிக்கும் என்றால் 'இத்தாலியா' திராட்சை. என் மனைவிக்கு அதுதான், நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். எதுவானாலும் லேபிளில் டிகிரியை (ஆல்கஹால் சதவீதம்) பார். பெருவில் பிஸ்கோவில் தண்ணீர் சேர்க்கக் கூடாது, மரப்பீப்பாயில் வைக்கவும் கூடாது. குடிக்கிற வீரியத்திலேயே வடித்து இறக்குவார்கள், 38-லிருந்து 48 வரை போகும். 48-ஐ எடுத்துக் கை தாராளமாக ஊற்றினால் உன் விருந்தாளிகள் திங்கட்கிழமைதான் எழுந்திருப்பார்கள்.

எலுமிச்சை நம் ஊர் நாட்டு எலுமிச்சையேதான், இங்கே 'லிமோன் சூதில்' என்பார்கள். அப்போதைக்கு அப்போது பிழி. இரண்டு விரலால் அமுக்கி வரும் வரை போதும், தோல் திரும்பும்வரை முறுக்கினால் அந்தக் கடைசிக் கசப்பு வரும். செவிச்சே செய்யும்போது மாமியார் இதற்காகவே என் கையில் அடித்திருக்கிறார்.

கலக்குவது இப்படி. கிளாஸை ஐஸால் நிரப்பு. எலுமிச்சைச் சாறு 15 மில்லி, பிஸ்கோ 60. இது இரண்டையும் மட்டும் வேண்டுமளவு கலக்கிக்கொள், இங்கே காஸ் இல்லை. பிறகு கிளாஸைச் சாய்த்து, ஃபிரிட்ஜின் அடியில் கிடந்த ஜிஞ்சர் ஏலை ஓரமாக 120-லிருந்து 150 மில்லி வரை விடு. நீள ஸ்பூனை அடிவரை இறக்கி ஒரே ஒரு தடவை மேலே தூக்கு, அவ்வளவுதான். கடைசியில் அங்கோஸ்துரா பிட்டர்ஸ் (நீ பார்த்த செம்பழுப்புச் சொட்டு, கசப்புச் சாறு) இரண்டு மூன்று சொட்டு மேலே. அதைக் கலக்காதே, முதல் வாயில் மூக்குக்கு வரட்டும். சர்க்கரைப் பாகு போடுகிறவர்கள் உண்டு, எனக்கு ஜிஞ்சர் ஏலின் இனிப்பே அதிகம்.

ஜிஞ்சர் பீர் காரம், பிஸ்கோவை அமுக்கிவிடும். காரம் வேண்டுமென்றால் இஞ்சியை மெல்லிசாக நாலு வில்லை சீவி பிஸ்கோவோடு கிளாஸிலேயே லேசாக நசுக்கிக்கொள். துருவிப் போடாதே, பல்லில் நார் மாட்டும். வில்லைகளை ஒரு ஜாடியில் பிஸ்கோவோடு மூன்று நாள் ஊறவைத்து வடிகட்டினால் இன்னும் நன்றாக இருக்கும். சனிக்கிழமைக்கு இப்போதே போட்டால் சரியாக இருக்கும்.

கடையில் இஞ்சியை அதன் ஸ்பானிஷ் பெயரான 'ஹென்ஹிப்ரே' என்று தேடி அலையாதே, பலகையில் 'கியோன்' என்றுதான் எழுதியிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் கூலி வேலைக்கு வந்த சீனர்கள் விட்டுப்போன சொல். வேடிக்கை என்னவென்றால் ஸ்பானிஷ்காரர்களின் அந்த ஹென்ஹிப்ரே, லத்தீன், கிரேக்கம், பாலி என்று பின்னால் போனால் நம் இஞ்சியில் போய் நிற்கிறது. இதை மாமனாரிடம் சொன்னேன். "இஞ்சி உங்களுடையது, பிஸ்கோ எங்களுடையது, இத்தோடு விடு" என்றார்.

லிமா_புதுசு:

அண்ணா, மிக்க நன்றி. ஜாடி போட்டாயிற்று. ஆறு பேருக்கு எத்தனை பாட்டில் வாங்கலாம்? குடிக்காதவருக்கு என்ன கொடுப்பது? பிட்டர்ஸ் இரண்டு சொட்டுதானே, அவருக்கும் விடலாமா?

இக்கா_மருமகன்:

விடாதே. அங்கோஸ்துராவில் 44.7 சதவீதம் ஆல்கஹால். சொட்டு என்பது நம் கணக்கு, விரதம் அவர் கணக்கு. அவருக்கு மரக்குயா (பேஷன் ஃப்ரூட்) விழுதைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, எலுமிச்சை, ஐஸ், ஜிஞ்சர் ஏல். அதே கிளாஸில் கொடு, தனியாகத் தெரியமாட்டார்.

குடிப்பவர்கள் உன்னோடு ஆறு பேர், தலைக்கு மூன்று என்றால் 18 கிளாஸ், ஒரு லிட்டருக்கு மேல். 750 மில்லியில் இரண்டு வாங்கு. ஜிஞ்சர் ஏல் பெரிய பாட்டில் வேண்டாம், பாதிக்கு மேல் காஸ் இருக்காது. சின்னதாக வாங்கி ஒவ்வொன்றாகத் திற.

சாந்தியாகோ_சமையல்:

சிலியிலிருந்து எழுதுகிறேன். இங்கே பிஸ்கோவில் தண்ணீர் சேர்த்து இறக்கலாம், மரத்திலும் வைக்கலாம். 35 டிகிரி, 40 டிகிரி என்று தரம் பிரித்து விற்பார்கள். கோலா ஊற்றி 'பிஸ்கோலா' என்று குடிப்பதுதான் இங்கே பழக்கம். பிப்ரவரி 8 அதற்கென்றே ஒரு நாள்! ஜிஞ்சர் ஏலோடும் 35 டிகிரி நன்றாகவே போகிறது, இன்னும் லேசாக இருக்கும்.

இக்கா_மருமகன்:

லேசாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி, அந்த பாட்டிலை மட்டும் சனிக்கிழமை மேஜையில் வைத்துவிடாதே. பெரு சட்டப்படி அதன் மேல் பிஸ்கோ என்ற பெயரே இருக்கக் கூடாது. அப்புறம் சாயங்காலம் முழுக்க அந்தப் பேச்சுதான் ஓடும்.

மலைமேல்_ஒருவன்:

லா பாஸிலிருந்து. பொலிவியாவில் இதன் தம்பி 'சுஃப்லாய்'. பிஸ்கோவுக்குப் பதில் சிங்கானி, 1600 மீட்டருக்கு மேலே விளையும் மோஸ்கதெல் திராட்சையில் வடிப்பது. ஜிஞ்சர் ஏல், ஒரு எலுமிச்சை வில்லை, அவ்வளவுதான், பிட்டர்ஸ் கிடையாது. மல்லிகைப் பந்தல் அடியில் உட்கார்ந்ததுபோல் ஒரு வாசனை. இங்கே 3600 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு, கீழிருந்து வந்த ஜிஞ்சர் ஏல் பாட்டிலைச் சட்டென்று திறந்தால் சட்டை நனையும். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும்.

லிமா_புதுசு:

சனிக்கிழமை முடிந்தது. முதல் கிளாஸை மனைவிக்குத்தான் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, காலி கிளாஸை நீட்டினாள். ஊறவைத்த பிஸ்கோவுக்குத்தான் கிராக்கி, அது முதல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. மரக்குயா கிளாஸைப் பார்த்துக் குடிக்கிறவர்களில் இருவர் அதையே கேட்டார்கள், பிஸ்கோவோடு. இஞ்சி தமிழ்ச் சொல் என்ற கதையை எடுத்துவிட்டேன், ஒருவரும் நம்பவில்லை. அந்த மோஸ்டோ வெர்தேயில் மிச்சம் இருந்ததைக் கடைசியில் சின்ன கிளாஸில் ராவாகக் கொடுத்தேன், அதற்கு மரியாதை கிடைத்தது.

ஐஸ் இரண்டு பை வாங்கியிருந்தேன். பத்தரைக்கே காலி. எதிர்க் கட்டட வாட்ச்மேனிடம் வழி கேட்டு, செருப்பைக்கூட மாற்றாமல் பெட்ரோல் பங்குக்கு ஓடினேன்.